ஸ்டியரிங் மேல் ஒரு சேவல்

ஐயாயிரம் கோழி வளர்கிற வீட்டில், ஞாயிற்றுக்கிழமைக் குழம்புக்குக் கோழி வேண்டுமென்றால் வெண்ணந்தூர் கடைக்குத்தான் போயாக வேண்டும். வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். வேலங்காட்டில் யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் அங்கே எல்லா வீட்டிலும் அதே கதைதான். நிலம் நம்முடையது, கோழி வளர்க்கிற செட் நம்முடையது, கரண்ட் பில் நம்முடையது, விடிவதற்குள் எழுந்து தண்ணீர்க் குழாய் கழுவுகிற கையும் நம்முடையது. உள்ளே இருக்கிற கோழி மட்டும் கம்பெனியுடையது. குஞ்சு, தீவனம், மருந்து எல்லாம் அவர்கள் தருவார்கள். வளர்த்துக் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. அதில் ஒன்றை எடுத்துக் குழம்பு வைத்தால் அடுத்த பேட்ச் குஞ்சு வராது.

தனப்பிரியா இதையெல்லாம் நினைத்து முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற ஆள் இல்லை. வயது இருபத்தொன்று. ராசிபுரத்தில் வேதியியல் படித்து முடித்த கையோடு செட்டுக்குள் நுழைந்தவள். வாய் ஓயாது. கேட்க ஆள் இல்லையென்றால் கோழிகளிடம் பேசுவாள். கம்பெனிக்கு அவள் வைத்திருந்த பெயர் மாமியார்.

"கல்யாணம் ஆகாமயே மாமியார் வாய்ச்சது எனக்குத்தானுங்க" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிவாள்.

அவள் சொல்வதிலும் தப்பில்லை. விளக்கை எப்போது போட வேண்டும், எப்போது அணைக்க வேண்டும், செட்டின் பக்கவாட்டுப் படுதாவை எவ்வளவு இறக்க வேண்டும் என்று ஃபோனுக்கு உத்தரவு வந்துகொண்டே இருக்கும். செட்டின் முகட்டில் ஒரு கேமரா, அதில் ஒரு சிவப்பு விளக்கு. வெளியாள் உள்ளே வரக்கூடாது. கோழி ஏற்ற வண்டி இன்று வரும், நாளை வரும் என்பார்கள். அதுவரை வீட்டை விட்டு நகர முடியாது. உயிருக்கு உயிரான தோழியின் கல்யாணத்தை அவள் வீடியோ காலில்தான் பார்த்தாள். பந்தியில் வைத்த பலகாரத்தைத் தோழி ஃபோனுக்கு நேராக ஆட்டிக் காட்டினாள். அன்றைக்கு மட்டும் தனப்பிரியாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. அடுத்த நிமிடமே, "உன்ற மாப்ள ஊட்டு மைசூர்பாகு கல்லாட்டம் இருக்குதுடி, தப்பிச்சேன்" என்று சமாளித்துவிட்டாள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய உத்தரவு ஒன்று உண்டு. பண்ணை இருக்கிற இடத்தில் வேறு பறவை எதுவும் இருக்கக்கூடாது. நாட்டுக்கோழி, வாத்து, புறா எதுவும் ஆகாது. அவற்றிடமிருந்து நோய் தொற்றிவிடும் என்பது காரணம். காரணம் நியாயமானதுதான் என்று தனப்பிரியாவுக்கும் தெரியும். ஆனால் அந்த ஒரு உத்தரவை மட்டும் அவள் வீடு மீறிக்கொண்டிருந்தது.

அதற்கு அவள் அப்பா ராசப்பனின் கால்தான் காரணம். ராசப்பன் முப்பது வருடம் லாரி ஓட்டியவர். நாக்பூர் பக்கம் வண்டி கவிழ்ந்து, வலது கால் மூன்று இடத்தில் முறிந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே அம்மா சௌந்திரம் வேண்டிக்கொண்டாள்: "கருப்பனாரே, இவரு கால ஊனி நடந்துட்டா, எங்க ஊட்டுச் சேவலொண்ண உனக்கு உட்டர்றேன் சாமி." ராசப்பன் நடந்துவிட்டார். கொஞ்சம் சாய்ந்து நடப்பார், ஆனால் ஊன்றித்தான் நடக்கிறார். லாரியை விற்றுச் செட் போட்டார்கள்.

சிக்கல் என்னவென்றால், வேலங்காட்டுக் கருப்பனாருக்குக் கடையில் வாங்கிய சேவல் ஆகாது. குஞ்சிலிருந்து நம் வீட்டு அரிசி தின்று வளர்ந்திருக்க வேண்டும். கம்பெனியோ வீட்டில் ஒரு இறகுகூடக் கிடக்கக்கூடாது என்கிறது. இரண்டு பங்குனி நோம்பி, அதாவது கருப்பனார் கோயில் திருவிழா, இப்படியே கழிந்துவிட்டது. மூன்றாவது வருடம் சௌந்திரத்துக்குப் பொறுக்கவில்லை. தீபாவளிக்குக் கெங்கவல்லியில் தம்பி வீட்டுக்குப் போனவள், திரும்பும்போது டிபன் பையில் ஒரு குஞ்சைப் போட்டு எடுத்து வந்துவிட்டாள்.

எங்கே ஒளித்து வைப்பது? செட்டுக்கு நேர் எதிர்க்கோடியில், வேப்பமரத்தடியில், ராசப்பனின் பழைய லாரி கேபின் கிடந்தது. விபத்தில் முன்பக்கம் நசுங்கிப்போன அந்தக் கேபினை மட்டும் அவர் விற்கவில்லை. "என்ற உசுரக் காப்பாத்துன பொட்டி" என்று வீட்டுக்குக் கொண்டு வந்து போட்டிருந்தார். உடைந்த கண்ணாடிக்குப் பதில் கம்பிவலை அடித்தார்கள். குஞ்சு உள்ளே குடியேறியது. கழிச்சல் நோய் வராமலிருக்கத் தனப்பிரியா கால்நடை ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து போட்டு வந்தாள். கேபினுக்குப் போக ஒரு செருப்பு, செட்டுக்குப் போக ஒரு செருப்பு என்று பிரித்து வைத்தாள்.

குஞ்சு வளர்ந்து செவலைச் சேவலாகியது. அதற்கு ஸ்டியரிங்தான் பிடித்த இடம். அதன் மேல் ஏறி நின்று, கம்பிவலை வழியாக ரோட்டை முறைத்துக்கொண்டிருக்கும்.

"ஊட்ல ஒரு டிரைவர் ரிட்டயர் ஆனா இன்னொருத்தன் வேணுமில்லீங்கப்பா" என்றாள் தனப்பிரியா. சேவலுக்கு டிரைவர் என்றே பெயர் நிலைத்துவிட்டது.

இந்த இடத்தில்தான் ராசப்பன் ஒரு காரியம் செய்தார். லாரிக்காரரைத் தவிர வேறு யாருக்கும் அது தோன்றாது. சாயங்காலமானால் அவரும் கேபினுக்குள் ஏறி, கிளீனர் சீட்டில் உட்கார்ந்துகொள்வார். பழைய ஹாரனுக்கு ஒரு பைக் பேட்டரியைக் கட்டியிருந்தார். பாம் என்று ஒரு அடி. பிறகு டிரைவருக்கு ஒரு பிடி கம்பு. ஹாரன் அடித்தால் கம்பு வரும் என்று சேவல் தெரிந்துகொண்டது. ஹாரன் சத்தம் கேட்டால் போதும், கழுத்தை நீட்டிக் கூவ ஆரம்பித்தது. ஒளித்து வைத்திருக்கிற சேவலுக்கு ஹாரன் கேட்டால் கூவப் பழக்கிய மனுசனை என்ன செய்வது?

"ஏனுங்க, உங்களுக்குப் புத்தி இருக்குதுங்களா?" என்று சௌந்திரம் தலையில் அடித்துக்கொண்டாள். ராசப்பன் மீசைக்குள் சிரித்தார்.

கம்பெனி சூப்பர்வைசர் ஜெபஸ்டின் சேலத்துக்காரர். ஞாயிறு காலைப் பூசை தவறாதவர், தன் வேலையும் தவறாதவர். அவர் வாசலில் வந்து பைக் ஹாரன் அடித்ததும் ஒருநாள் டிரைவர் கணீரென்று கூவிவிட்டது.

"என்னங்க சத்தம் அது?"

"என்ற ஃபோனுங்க சார். ரிங்டோனு" என்றாள் தனப்பிரியா, கண்ணைக்கூடச் சிமிட்டாமல்.

அவர் போனதும் முதல் வேலையாக டிரைவரின் கூவலைப் பதிவு செய்து, அதையே ரிங்டோனாக வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு ஜெபஸ்டின் வரும்போதெல்லாம் சேவல் கூவும். உடனே இவள் ஃபோனைக் காதில் வைத்து, "சொல்லுங்க மாமா" என்று இல்லாத மாமனிடம் பேசுவாள். ஜெபஸ்டினுக்கு ஒரே ஆச்சரியம். "நான் வரும்போதெல்லாம் உங்களுக்கு ஃபோன் வருதே!" என்பார். ஒருமுறை, "அந்த ரிங்டோன எனக்கும் அனுப்பிவிடுங்க" என்று கேட்டு வாங்கியும் போனார். சௌந்திரம் சமையலறையில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தாள்.

நோம்பிக்கு ஒரு வாரம் இருந்தது. மறுநாள் புதுக் குஞ்சு வர வேண்டிய நாள். செட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்து, தேங்காய் நார்த்தூள் பரப்பித் தயாராக இருந்தது. ஜெபஸ்டின் கடைசியாக ஒரு தடவை பார்க்க வந்தார்.

"ஆப்ல செட்டோட சூடு சரியாக் காட்டுதான்னு பார்க்கணும். ஃபோனக் குடுங்க" என்று தனப்பிரியாவின் ஃபோனை வாங்கிக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்துத்தானா ரோட்டில் ஒரு தீவன லாரி போக வேண்டும்? பாம் என்று அடித்துவிட்டுப் போனான் புண்ணியவான். டிரைவர் ஸ்டியரிங் மேல் நின்று, நெஞ்சை நிமிர்த்தி, ஊர் கேட்கக் கூவியது.

ஜெபஸ்டின் கையிலிருந்த ஃபோனைப் பார்த்தார். அது சத்தமில்லாமல் கிடந்தது. தனப்பிரியாவைப் பார்த்தார். அவள் வெறுங்கையைக் காதில் வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஃபோன் என் கையில இருக்குதுங்களே" என்றார்.

சத்தம் வந்த திசையில் நடந்தார். கம்பிவலைக்குப் பின்னால் டிரைவர், என்ன விசயம் என்று கேட்பதுபோல் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தது. ஜெபஸ்டினுக்கு அடக்க முடியாத சிரிப்பு. வேப்பமரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்ததும் முகம் வெளுத்துவிட்டது.

"நாளைக்கு குஞ்சு வண்டியோட மேனேஜரே வர்றாருங்க. இந்த சேவல் இங்க இருந்தா வண்டி வந்த வழியே திரும்பிடும், இனி உங்க செட்டுக்கு குஞ்சே வராது. நான் சொல்லலைன்னு தெரிஞ்சா என் வேலையும் போயிடும். நாளைக்குக் காலையில நான் வரும்போது இது இங்க இருக்கக் கூடாது, ஆமா."

அவர் போய்விட்டார். குஞ்சு வராவிட்டால் செட் வெறும் கூரைதான். அதை நம்பித்தான் அடுப்பு எரிகிறது. சேவல் போய்விட்டால் இந்த வருடமும் வேண்டுதல் போச்சு. சௌந்திரம் மூக்கை உறிஞ்சினாள். "சாமி மன்னிச்சுக்கும். அறுத்துப்போடலாம் அம்மிணி" என்றாள்.

"கம்முனு இரும்மா. அத்தை ஊட்ல ஒரு வாரம் உட்டுட்டு வாரேன்" என்று தனப்பிரியா ஸ்கூட்டியை எடுத்தாள். துணிப்பையில் டிரைவரை வைத்து, தலை மட்டும் வெளியே தெரிய முன்னால் மாட்டிக்கொண்டாள். அதற்கு அந்தச் சவாரி ரொம்பப் பிடித்திருந்தது.

அத்தை பொன்னாத்தாள் ராசப்பனின் அக்கா. அடுத்த காடு அவளுடையது. பையிலிருந்த தலையைப் பார்த்ததும் பதறினாள்.

"ஐயோ கண்ணு, எங்கூட்லயும் செட்டுதான இருக்குது! கம்பெனிக்காரன் பாத்தான்னா என்ற கதி என்னாவறது? எடுத்துக்கிட்டுப் போ சாமி, போ!"

அப்போது குளியலறைக்குள்ளிருந்து 'கொக்' என்றொரு சத்தம். அத்தை சட்டென்று ஓடிப் போய் வாசல் குழாயைத் திறந்துவிட்டாள்.

"அத்தெ, உள்ள ஆரு?"

"உன்ற மாமன் தண்ணி வாத்துக்கிட்டு இருக்கறாரு."

"மாமன் அங்க கட்டல்ல படுத்துத் தூங்கறாரே!"

தனப்பிரியா கதவைத் தள்ளினாள். பக்கெட்டுக்குள் கறுஞ்சேவல் ஒன்று கம்பீரமாக நின்றுகொண்டிருந்தது. அத்தை மகளுக்குச் சுகப்பிரசவம் ஆக வேண்டும் என்று நேர்ந்துவிட்டதாம். ஆறு மாதமாகக் குளியலறையில் இருக்கிறது. வீட்டார் எல்லாரும் தொட்டியடியில் குளிக்கிறார்களாம். அத்தையும் மருமகளும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்து சிரித்தார்கள். கட்டிலில் மாமன் புரண்டு படுத்தார்.

"ஆருகிட்டயும் சொல்லிப்போடாத அம்மிணி" என்று அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பி வரும்போது தனப்பிரியா ஊரை வேறு கண்ணால் பார்த்தாள். ஒரு வீட்டில் ஓட்டை போட்ட டிரம்மைச் சாக்குப் போட்டு மூடியிருந்தது. இன்னொரு வீட்டில் மாடே இல்லாத மாட்டுக்கொட்டகையில் ரேடியோ முழுச் சத்தத்தில் பாடிக்கொண்டிருந்தது. பட்டப்பகலில் ஜன்னலெல்லாம் சாத்திய மச்சு அறை ஒன்று. அட, இத்தனை நாள் இது எப்படிக் கண்ணில் படாமல் போனது! கம்பெனிக்குப் பயந்து மட்டுமில்லை, பக்கத்து வீட்டுக்காரன் போட்டுக்கொடுத்துவிடுவானோ என்று பயந்தும் ஒளித்திருக்கிறார்கள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. பின்னாலேயே கோபமும் வந்தது. சொந்தக் காட்டில், சொந்த வீட்டில், ஊரே திருடனைப்போல் வாழ்கிறது என்ற கோபம்.

டிரைவரோடு அவள் திரும்பி வந்ததைப் பார்த்துச் சௌந்திரம், "ஏம்புள்ள, திருப்பிக் கொண்டாந்துட்ட?" என்றாள்.

"நாளைக்கு நானே இதையப் புடிச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறேன். இருக்குது, வளக்கறோம், சாமிக்குன்னு சொல்றேன். நாம என்ன திருடிட்டா வந்தோம்?"

"செட்டு போச்சுன்னா?" என்றார் ராசப்பன். குரலில் பயம் அப்பட்டமாகத் தெரிந்தது. தனப்பிரியாவுக்கும் பயம்தான். ராசப்பன் தன் காலைத் தடவிக்கொண்டார்.

"செரி. நானும் நிக்கறேன். காலு நல்லாத்தான இருக்குது" என்றார் கடைசியில்.

தனப்பிரியா அத்தைக்கு மட்டும் ஃபோன் போட்டுச் சொன்னாள். அத்தை 'ம்' என்றுகூடச் சொல்லாமல் வைத்துவிட்டாள்.

மறுநாள் காலை வெயில் ஏறுகிற நேரத்தில் குஞ்சு வண்டி வந்தது. அதன் முன்னால் மேனேஜர் குருமூர்த்தியின் கார். சேலம் ஃபேர்லேண்ட்ஸ் ஆபீஸில் ஏசியில் உட்காருகிறவர், சட்டை கசங்காமல் இறங்கினார். வாசலில் தனப்பிரியா, கையில் டிரைவர். பக்கத்தில் ராசப்பனும் சௌந்திரமும். பைக்கில் வந்த ஜெபஸ்டின் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன இது?"

"சேவலுங்க சார். எங்கப்பா காலுக்கு நேந்துக்கிட்டது. செட்டுக்கு அந்தக் கோடியில வெச்சு, சொட்டு மருந்து போட்டு, செருப்பு மாத்தித்தான் வளத்தறோம். நோம்பி முடிஞ்சா இங்க இருக்காதுங்க."

"ரூல் தெரியுமில்ல? வேற பறவை இருந்தா குஞ்சு இறக்க மாட்டோம்." டிரைவர் பக்கம் திரும்பினார், வண்டி டிரைவர் பக்கம்தான். "வண்டியத் திருப்புப்பா."

ராசப்பனின் கை தனப்பிரியாவின் தோளில் இறுகியது. அவ்வளவுதான், போச்சு என்று அவள் நினைத்தாள். வண்டிக்காரர் ரிவர்ஸ் போட்டார். ரோட்டில் நின்ற ஆட்டை விரட்ட ஹாரன் அடித்தார்.

தனப்பிரியாவின் கையிலிருந்தபடியே செவலை கழுத்தை நீட்டிக் கூவியது.

அதற்குப் பதிலாக அத்தை வீட்டுக் குளியலறையிலிருந்து ஒரு கூவல். அதைக் கேட்டு மேற்கே டிரம்முக்குள்ளிருந்து ஒன்று. மாட்டுக்கொட்டகை ரேடியோவை மீறிக்கொண்டு ஒன்று. மச்சிலிருந்து ஒன்று. சேவல்களுக்குக் கம்பெனியாவது மேனேஜராவது! ஒன்று கூவினால் இன்னொன்று சும்மா இருக்குமா? வேலங்காடு முழுக்கக் கூவியது.

குருமூர்த்தி நின்ற இடத்திலேயே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"ஜெபஸ்டின், இந்த ஊர்ல நமக்கு எத்தனை செட்?"

"பதினாலு சார்."

"எத்தனையில சேவல் இருக்கு?"

ஜெபஸ்டின் காதைத் தீட்டிக் கேட்டார். "பதினாலுலயும்னுதான் நினைக்கிறேன் சார். ஒரு வீட்டுல ரெண்டு இருக்கும் போலிருக்கு."

அத்தை ரோட்டில் வந்துகொண்டிருந்தாள், இடுப்பில் குழந்தையைப்போல் கறுஞ்சேவலை இடுக்கிக்கொண்டு. "இனி ஒளிச்சு என்னாவறது! என்றதையும் எழுதிக்கங்க சார்!" என்று தூரத்திலிருந்தே கத்தினாள். அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் ஒருவர், கையில் ஒவ்வொரு சேவல். பக்கத்துக் காட்டுக்காரர்கள் ஒருவர் கையை ஒருவர் பார்த்து, "அட, நீயுமா!" என்று சிரித்தார்கள். தனக்கு இவ்வளவு துணை இருக்கிறதென்று ராசப்பன் நினைத்ததே இல்லை.

வண்டிக்குள் குஞ்சுகள் கீச்கீச்சென்று கத்திக்கொண்டிருந்தன. தனப்பிரியா அப்போதுதான் அதை யோசித்தாள். நேற்றுப் பொரிந்த குஞ்சு. பொரிப்பகத்துக்குத் திரும்பிப் போக முடியாது, வெயிலில் நிற்கவும் முடியாது. குஞ்சு இல்லாமல் நமக்குச் சோறு இல்லை என்று இத்தனை நாள் பயந்தோமே, நம் செட் இல்லாமல் இவர்களுக்கு இந்தக் குஞ்சை இறக்க இடமில்லையே! பயம் அப்படியே வடிந்துவிட்டது.

"சார், குஞ்சு வெயில்ல வாடுதுங்க. பதினாலு செட்டையும் வேண்டாம்னுட்டு எங்கீங்க கொண்டு போவீங்க? நோய் வரக்கூடாதுங்கறது எங்களுக்கும்தானுங்க. ஒளிச்சு வெச்சாத்தான் வரும். எங்களையும் ஒரு வார்த்தை கேட்டுட்டு ரூல் போடுங்க, நாங்களே காப்பாத்தறோம்."

குருமூர்த்தி காருக்குப் பக்கத்தில் போய் ஆபீஸுக்குப் பேசினார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். சட்டை நனைந்துவிட்டது. சௌந்திரம் மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவர் மறுக்காமல் குடித்தார். கடைசியில் திரும்பி வந்து, வேலிக்குள் சேவல் கூடாது, ஊருக்கு வெளியே கருப்பனார் கோயில் தோப்பில் எல்லாவற்றையும் ஒன்றாக வைத்து, மருந்து போட்டுப் பார்த்துக்கொண்டால் கம்பெனி கண்டுகொள்ளாது என்றார்.

"இன்னொண்ணுங்க சார்" என்றாள் தனப்பிரியா. "பேட்சுக்கு ரெண்டு கோழி, ஊட்டுச் சாப்பாட்டுக்கு."

"ஒண்ணு" என்றார் குருமூர்த்தி. ஜெபஸ்டின் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

நோம்பியன்று அத்தையின் கறுஞ்சேவல் குழம்பாகிவிட்டது. அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. டிரைவரின் முறை வந்தபோது ராசப்பன் சேவலை வாங்கிக்கொண்டு, சாய்ந்து சாய்ந்து நடந்து சாமி முன்னால் போய் நின்றார்.

"காலு என்றது, அதனால நானே சொல்றேன். சேவல உட்டர்றேன்னுதான் அவ வேண்டுனா, அறுக்கறேன்னு சொல்லல. உசுரோடவே உட்டர்றேன் சாமி, வெச்சுக்க" என்று தோப்புக்குள் இறக்கி விட்டார். டிரைவர் இரண்டு அடி வைத்து, ஸ்டியரிங் எங்கே என்று தேடுவதுபோல் பார்த்தது. பிறகு ஒரு கல்தூணின் மேல் தாவி ஏறி நின்றுகொண்டது. தனப்பிரியா எல்லார் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். சந்தோசத்தில்தான்.

கம்பெனி மாமியார் இன்னும் மாமியாராகத்தான் இருக்கிறாள். விளக்குக்கும் படுதாவுக்கும் உத்தரவு வந்துகொண்டுதான் இருக்கிறது. முகட்டில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஆனால் மாதத்தில் ஒரு நாள் ஊர்க்காரர்கள் தோப்பில் கூடிப் பேசுகிறார்கள். கோழி ஏற்ற வரும் நாளை முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பது இப்போதைய சண்டை. அந்த பேட்சில் கிடைத்த ஒரே கோழியைச் சௌந்திரம் மிளகு தூக்கலாக வைத்தாள். ராசப்பன் ஒரு வாய் தின்றுவிட்டு, "வெண்ணந்தூர்க் கடைக் கறிதான் நல்லாருக்குது" என்றார்.

"அதுவும் இந்தக் கோழிதானுங்கப்பா!" என்று தனப்பிரியா சிரித்ததில் அவளுக்குப் புரையேறியது.

குருமூர்த்தியின் கார் இப்போது கோயிலைத் தாண்டும்போது ஹாரன் அடிப்பதில்லை. தனப்பிரியா அடிப்பாள். தினமும் காலையில் ஸ்கூட்டியைத் தோப்போரம் நிறுத்தி ஒரு அடி அடிப்பாள். கல்தூணின் மேலிருந்து பதில் வரும். மடியில் கட்டி வந்த கம்பை ஒரு பிடி வீசிவிட்டு, "வாரேன் டிரைவரண்ணா" என்று வண்டியைக் கிளப்புவாள்.